சிரட்டைக்குள் ஒரு குடித்தனம்

கல்கத்தாவில் நம்மோடு வாழும் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். வீட்டுக் கூடத்தில் மீன் தொட்டி ஒன்று அமைக்க விரும்புவதாகவும், அதில் பச்சைச் செடிகளும் சிறிய சிக்லிட் மீன்களும் வாழவேண்டுமென்றும், அதற்கு வழி கூறவேண்டுமென்றும் கேட்டிருந்தார். இவ்விஷயத்தில் நமக்குள்ள அறிவெல்லாம் பிழை செய்து பெற்றதே. ஆகையால் பிழையையும் மறையாமல் கூறுவோம்.

சிக்லிட் என்றவுடன் ஏதோ காணாத புதுமை என்று மருள வேண்டியதில்லை. நம் ஊர்க் குளங்களில் வலை போட்டால் அகப்படும் ஜிலேபிக் கெண்டை இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்ட அம்மீன், பின்னர் நாடெங்கும் பரவி, நாட்டு மீன்களின் இடத்தையும் பற்றிக்கொண்டது. கேரளத்தார் போற்றும் கரிமீனும் சிக்லிட்டே. அது நம் நாட்டிலும் இயல்பாக வாழ்வது. ஆனால் இவையிரண்டும் கூடத்துத் தொட்டிக்குள் அடங்குபவை அல்ல. அங்கே வளர்ப்பதற்கு ஏற்றவை, மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா, காமரூன் பகுதி ஓடைகளுக்குரிய கிரிபென்சிஸும், தென்னமெரிக்காவின் ஒரினோக்கோ ஆற்றுப் பக்கத்து ராம் என்னும் மீனும் போன்றவை. ராம் அழகில் உயர்ந்தது. ஆனால் நீர் சிறிது கெட்டாலும் தாங்காது. எனவே முதன்முதலாகத் தொட்டி வைப்பவர்களுக்குக் கிரிபென்சிஸே தக்கது என்பது நம் கருத்து. ஆண் சுமார் 10 செண்டிமீட்டர் வளரும். பெண் அதனிலும் சிறியது. ஆனால் இணை சேரும் காலத்தில் பெண்ணின் வயிறு பழுத்த கோவைப்பழம்போல் சிவந்து நிற்கும்.

இனி நம் பிழையைக் கூறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், மருமகனுக்கு இவ்வூருக்கு மாற்றலானபோது, எட்டு வயதுப் பேத்தி பள்ளியாண்டின் நடுவில் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தாள். வங்காளி தெரியாது, பள்ளியில் பேச்சுத் துணை இல்லை, மாலையில் வந்தால் சன்னலோரத்தில் உட்கார்ந்துவிடுவாள். அவளை மகிழ்விக்க எண்ணி, ஞாயிறு காலையில் கூடும் காலிஃப் தெருச் சந்தைக்கு அழைத்துச் சென்று, தொட்டியும் மணலும் செடியும் எட்டு மீன்களும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே நீர் நிரப்பி மீன்களை விட்டோம். ஐந்தாம் நாளில் ஒன்றுகூட எஞ்சவில்லை. "தாத்தா, இந்த மீனுக்கும் இந்த ஊர் பிடிக்கலையா?" என்று குழந்தை கேட்டாள். அந்த 'உம்' நம்மைச் சுட்டது. மீன்களைக் கொன்றது ஊரன்று, நம் அவசரமே என்பதை அவளுக்கு விளங்கவைக்க நமக்கே முதலில் விளங்கவேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். மீனின் கழிவிலிருந்தும் தின்னாத இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொருவகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது பெரும்பாலும் தீங்கற்றது, செடிகளுக்கு உரமுமாகும். இந்த நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லை. ஆகவே நீரையும் செடியையும் இட்டு, வடிகட்டியை ஓட்டி, நாள்தோறும் ஒரு சிட்டிகை இரை மட்டும் போட்டு, மீனின்றியே காத்திருக்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் அற்றுப்போனதைச் சோதனைத் துளிகளால் கண்ட பின்னரே மீன் வாங்கலாம். நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் தம் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கொடுப்பாராயின் காலம் குறையும். தயிருக்கு உறை வாங்குவது போலத்தான்.

தொட்டி 75 செண்டிமீட்டர் நீளம், 30 அகலம், 38 உயரம் இருந்தால் ஓர் இணைக்குப் போதும். சுமார் 85 லிட்டர் கொள்ளும். மணலோடு நூறு கிலோவைத் தாண்டும். பழைய வீடுகளில் மாடியில் குடியிருப்போர் சுவரை ஒட்டி உறுதியான மேசைமீது வைக்கவும். ஹூக்ளியாற்று நீரைச் சுத்தி செய்து தரும் மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் உண்டு. கடையில் கிடைக்கும் தையோசல்பேட் அதனை நீக்கும். பழைய புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று வழங்கிய உப்பு அதுவே. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இரும்பு மிகுதி; இயன்றவரை அதைத் தவிர்க்கவும்.

கிரிபென்சிஸ் மணலைத் தோண்டும் இயல்புடையது. எனவே பரல் கூர்மையற்ற மெல்லிய மணல் வேண்டும். செடிகளில் அனுபியாஸும் ஜாவா பெரணியும் மரக்கட்டையில் நூலால் கட்டி வைக்கத்தக்கவை. வேர் மணலில் இல்லாமையால் மீன் பறிக்க வழியில்லை. பின்புறத்தில் நாடா இலையுள்ள வாலிஸ்நேரியாவை நடலாம். அது நம் நாட்டுக் குளங்களிலேயே வளர்வது. விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும்; மிகுந்தால் பாசி பிடிக்கும். நாட்டு வாதுமையின், அதாவது வங்காளிகள் காட் பாதாம் என்று கூறும் மரத்தின், உதிர்ந்து காய்ந்த இலைகள் இரண்டைக் கழுவிப் போட்டால் நீர் இளந்தேநீர் நிறம் பெறும், மீனுக்கு இதமாகும். தையிலும் மார்கழியிலும் இவ்வூர்க் குளிருக்கு ஹீட்டர் இன்றியமையாதது. 25, 26 டிகிரி இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது குகை. அதற்குச் சிரட்டையைவிடச் சிறந்தது ஒன்றும் நாம் கண்டிலோம். நார் நீக்கி, இரண்டு மூன்று முறை நீர் மாற்றிக் கொதிக்கவைத்து, விளிம்பில் மீன் நுழையுமளவு ஒரு வாயில் வெட்டிக் கவிழ்த்து வைக்கவேண்டும்.

இவ்வாறு காத்திருந்து, ஓர் இணையை விட்டோம். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் பெண்மீன் சிரட்டையைவிட்டு வெளிவரவில்லை. ஆண் வாயிலில் நின்று, கண்ணாடிமேல் வைத்த விரலையும் முட்டிற்று. மூன்றாம் நாளில் முட்டை பொரிந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தாய் முன்செல்லக் கரும்புள்ளிகளாய்க் குஞ்சுகள் வெளிப்போந்தன. பேத்தி கீழ்வீட்டிற்கு ஓடி, அங்குள்ள இரு சிறுமிகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "தேகோ, தேகோ" என்று அவள் கூவியதே நாம் அவள் வாயிலிருந்து கேட்ட முதல் வங்காளிச் சொல்.

குஞ்சுகளுக்கு அப்பொழுதே பொரிந்த ஆர்ட்டீமியா கொடுத்தால் நலம். வேகவைத்த முட்டைக் கருவைச் சிலர் கூறுவர். அது நீரைக் கெடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். வளர்ந்த குஞ்சுகள் மிகுமாயின் சந்தையில் கொடுத்துவிடுக; ஏரியிலோ குளத்திலோ விடற்க. ஜிலேபிக் கெண்டையின் கதை ஒருமுறை போதும்.

பூஜை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் இரையின்றி இருக்கும், அதனால் தீங்கில்லை. தீங்கு, அன்பு மிகுந்த அண்டை வீட்டாரால் வரும். நாம் மூன்று வாரம் சென்றபோது, ஒருநாள்விட்டு ஒருநாள் போடுவதற்கு இரையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டித் தேதியிட்டு, மிச்ச டப்பாவைப் பூட்டி வைத்துச் சென்றோம். பொட்டலங்களின்மேல் தேதியை வங்காளியில் எழுதியவள் பேத்தி.