நோய் பிறக்கும் இடம் வைத்தியசாலையல்ல

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் கொண்டுபோன வீடுகளுக்கு ஈடாக, அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் எழுந்தன. பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல் என ஓர் ஊரே கட்டப்பட்டது. யாருக்கு வழங்குவது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடிழந்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, ஆளில்லாத அந்த வீடுகளின் முற்றங்களில் பற்றைக்காடு மண்டியது.

இதைக் காணிப் பிரச்சினை, இனப் பிரச்சினை என்றே பேசிப் பழகிவிட்டோம். இது சுகாதாரப் பிரச்சினையும்தான். காற்றோட்டமில்லாத ஓர் அறையில் ஐந்தாறு பேர் படுத்தால் ஒருவரின் காசம் மற்றவருக்கும் தொற்றும். மலசலகூடக் குழியை ஒட்டிய கிணற்றுத் தண்ணீர் பிள்ளைக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். மாரியில் அடைபட்ட வடிகான் நுளம்பைப் பெருக்கும். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். குணமான பிள்ளை திரும்பிப் போவதோ அதே கிணற்றடிக்கு. பிறக்கும், வளரும், உழைக்கும் சூழலே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவன ஆணைக்குழு 2008இலேயே சொல்லிவிட்டது.

எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் மாநகர சபை, பிரதேச சபை உறுப்பினர்களிடமும் கேட்கிறோம்: வைத்தியசாலைக்குக் கட்டடம் கேட்கும் அதே குரலில் வீட்டுக்கும் குடிநீருக்கும் வடிகானுக்கும் நிதி கேளுங்கள். எந்த வட்டாரத்தில் எந்த நோய் கூடுதல் என்று சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டறிந்து, அடுத்த வரவு செலவுத் திட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.