விருந்தாளியா, வீட்டுப் பிள்ளையா?

இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் என்றொரு கவுண்டி உண்டு. ஆப்பிள் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த நாட்டுப்புறம். அதன் கிரிக்கெட் கழகம் 1875-ஆம் ஆண்டில் தோன்றியது. நூறாண்டு நிறைந்த பின்னரும் அக்கழகத்தின் அலமாரியில் ஒரு கோப்பைகூட ஏறவில்லை. அத்தகைய கழகத்தை உயிரென நேசித்த ரசிகர்கள் கூடிப் பேசும்போது எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு: "நமக்காக ஆடிய அயல்நாட்டு வீரர்களுள் தலைசிறந்தவர் யார்?" அக்கேள்விக்கு என் விடையைச் சொல்வதோடு, அவ்விடையை எந்த அளவுகோலால் அளந்தேன் என்பதையும் சொல்ல விரும்புகிறேன். விடையைவிட அளவுகோலே முக்கியமானது என்பது என் எண்ணம்.

முதலில் சிறிது வரலாறு. 1968-க்கு முன் அயல்நாட்டார் ஒருவர் கவுண்டி ஆட்டத்தில் இடம்பெற வேண்டுமானால், அங்கே குடியிருந்து காத்திருந்துதான் தகுதி பெற வேண்டும். அவ்வாண்டு விதி தளர்ந்தது. ஒவ்வொரு கழகமும் அயல்நாட்டு வீரர் ஒருவரை உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று. நாட்டிங்ஹாம்ஷயருக்கு வந்த கேரி சோபர்ஸ், அந்த ஆண்டே ஸ்வான்சீ மைதானத்தில் ஒரே ஓவரில் ஆறு சிக்சர்கள் அடித்து உலகை வியக்க வைத்தார். நம் நாட்டிலிருந்தும் ஃபரூக் எஞ்சினியர் லங்காஷயருக்கும், பிஷன்சிங் பேடி நார்த்தாம்ப்டன்ஷயருக்கும், நம் வெங்கட்ராகவன் டெர்பிஷயருக்கும் ஆடினார்கள்.

சாமர்செட்டின் பட்டியலும் சாதாரணமானதன்று. 1968, 1969 ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் கிரெக் சாப்பல் அங்கே ஆடினார். 1980-இல் நம் சுனில் கவாஸ்கர் ஆடினார். பின்னாளில் நியூசிலாந்தின் மார்ட்டின் குரோ, ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வா, பாகிஸ்தானின் முஷ்டாக் அகமது ஆகியோர் வந்தனர். இத்தனை பேருக்கும் நடுவில் இமயம்போல் நிற்பவர்கள் இருவர்: ஆண்டிகுவாவின் விவியன் ரிச்சர்ட்ஸ், பார்படாஸின் ஜோயல் கார்னர்.

"எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள்" என்பார் சிலர். அப்படிப் பார்த்தால் தென்னாப்பிரிக்காவின் ஜிம்மி குக்கைத்தான் முதலில் வைக்க வேண்டும். 1989 முதல் 1991 வரை மூன்றே பருவங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் ஓட்டங்களுக்கு மேல் குவித்தார். அவருடைய திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆயினும் அம்மூன்று ஆண்டுகளிலும் சாமர்செட்டுக்கு ஒரு கோப்பையும் வரவில்லை. ஓட்டக் கணக்கு ஒருவரின் ஆற்றலைக் காட்டும். அவரால் ஓர் ஊர் என்னவாயிற்று என்பதைக் காட்டாது. அதனால்தான் வேறு அளவுகோல் வேண்டும் என்கிறேன். வந்தவர் வருவதற்கு முன் அந்த ஊர் தன்னைப் பற்றி என்ன நினைத்தது? அவர் வந்த பின் என்ன நினைத்தது? இந்த வேறுபாடே என் அளவுகோல்.

ரிச்சர்ட்ஸ் 1973-இல் பாத் நகரத்து லான்ஸ்டௌன் சங்கத்துக்கு வந்தபோது பெரும்புகழ் பெற்றவரல்லர். அங்கே மைதானப் பராமரிப்பு உதவியாளராகவும் வேலை பார்த்தார். அடுத்த ஆண்டு சாமர்செட் அணியில் இடம்பெற்றார். கார்னர் 1977-இல் வந்து சேர்ந்தார். 1978-இல் சாமர்செட் சனிக்கிழமை கில்லெட் கோப்பை இறுதி ஆட்டத்தில் சசெக்சிடம் தோற்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை லீக் பட்டத்தையும் மயிரிழையில் தவறவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நூறாண்டு வறுமைக்கு மேல் இப்படி ஓர் அடி.

ஆனால் 1979-இல் அதே போன்ற சனிக்கிழமை மீண்டும் வந்தது. லார்ட்ஸ் மைதானத்தில் நார்த்தாம்ப்டன்ஷயருக்கு எதிராக ரிச்சர்ட்ஸ் 117 ஓட்டங்கள் எடுத்தார். கார்னர் 29 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். முதற்கோப்பை வந்தது. மறுநாளே நாட்டிங்ஹாமில் லீக் பட்டமும் வந்தது. 1981, 1982, 1983 ஆண்டுகளிலும் ஒவ்வொரு கோப்பை. ஐந்து ஆண்டுகளில் ஐந்து! "நம்மால் ஆகாது" என்றிருந்த ஊர், "நம்மால் ஏன் ஆகாது?" என்று கேட்கத் தொடங்கியது.

அயல்நாட்டார் வந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளின் வாய்ப்புப் பறிபோகும் என்பது பழைய குற்றச்சாட்டு. இதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பதினோரு இடங்களில் ஓர் இடம் குறைவது உண்மைதானே! ஆனால் சாமர்செட்டில் நடந்தது என்ன? இயோவில் நகரில் வளர்ந்த இயன் போதம், ரிச்சர்ட்சுடன் ஒரே ஆண்டில் அந்த அணிக்குள் நுழைந்தவர். அவர் உலகின் சிறந்த பல்துறை ஆட்டக்காரராக உயர்ந்தார். பிரையன் ரோசும் விக் மார்க்சும் இங்கிலாந்து அணிக்குச் சென்றனர். நல்ல துணை அமைந்தால் உள்ளூர்ப் பயிரும் செழிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, கசப்பான பகுதிக்கு வருகிறேன். 1986-இல் கழக நிர்வாகம், ரிச்சர்ட்ஸ், கார்னர் இருவரின் ஒப்பந்தத்தையும் புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்தது. அவர்களுக்குப் பதிலாக இளைஞர் மார்ட்டின் குரோவைக் கொண்டுவருவது என்பது திட்டம். நிர்வாகத்தின் பக்கமும் கணக்கு இருந்தது. 1985-இல் ரிச்சர்ட்ஸ் வார்விக்ஷயருக்கு எதிராக ஒரே நாளில் 322 ஓட்டங்கள் எடுத்தார். ஆயினும் சாமர்செட் சாம்பியன்ஷிப்பில் கடைசி இடத்தில்தான் நின்றது. ரிச்சர்ட்சுக்கு வயது முப்பத்து நான்கு. கார்னருக்கு முப்பத்து மூன்று. குரோவோ 1984-இல் ரிச்சர்ட்ஸ் இல்லாத பருவத்தில் வந்து நன்றாக ஆடிக் காட்டியவர். கணக்குப் பார்ப்பது குற்றமன்று. அக்கழகத்துக்கு ஒரு மாற்றம் தேவைப்பட்டிருக்கலாம் என்பதையும் ஏற்கிறேன்.

நான் ஏற்க மறுப்பது, அது செய்யப்பட்ட விதத்தை. நூறாண்டுப் பசியைத் தீர்த்தவர்களைக் கறிவேப்பிலைபோல் எடுத்தெறிவதா? கொதித்தெழுந்த உறுப்பினர்கள் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்ட வைத்தார்கள். நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நிர்வாகமே வென்றது. நண்பர்களுக்கு நேர்ந்ததைப் பொறாமல் போதம் வொர்செஸ்டர்ஷயருக்குச் சென்றார். அந்தக் கவுண்டி 1988-லும் 1989-லும் சாம்பியன் பட்டம் பெற்றது. சாமர்செட்டோ அடுத்த கோப்பைக்கு 2001 வரை காத்திருந்தது. அந்த ஒரு முடிவே இத்தனைக்கும் காரணம் என்று நான் வாதிட மாட்டேன். விளையாட்டில் அப்படி ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. ஆனால் கழற்றிவிடப்பட்ட ரிச்சர்ட்ஸ் பின்னர் கிளாமர்கனுக்கு ஆடி, 1993-இல் தம் நாற்பத்தோராவது வயதில் அக்கழகம் ஞாயிறு லீக் பட்டம் பெறத் துணைநின்றார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

பிறகு காலம் ஒரு வேடிக்கை செய்தது. டாண்டன் மைதானத்து வாயில் ஒன்றுக்கு இன்று சர் விவியன் ரிச்சர்ட்ஸ் பெயர். வெளியே போ என்று கதவைக் காட்டிய கழகம், அவர் பெயரையே கதவுக்குச் சூட்டிக்கொண்டது! வாக்குப் பெட்டியில் தோற்ற ரசிகர்கள், நினைவில் வென்றுவிட்டார்கள்.

இப்போது நிலைமை வேறு. அயல்நாட்டு வீரர்கள் சில வாரங்களுக்கு வந்து ஆடிவிட்டுப் பறந்துவிடுகிறார்கள். 2019-இல் நம் சென்னை முரளி விஜய்கூடச் சாமர்செட்டுக்குச் சில ஆட்டங்கள் ஆடினார். அவர்களைக் குறை கூறவில்லை, ஐ.பி.எல். முதலிய போட்டிகள் பெருகிய காலத்தின் போக்கு அது. ஆனால் 1974 முதல் 1986 வரை, தம் நாட்டுக்காக ஆடச் சென்ற பருவங்கள் நீங்கலாக, ஒரே ஊரின் சட்டையை அணிந்து நிற்கும் அயலார் இனி எங்கே கிடைப்பார்?

ஆகவே என் விடை இது: முதலிடம் ரிச்சர்ட்சுக்கு, அவருக்குத் தோளோடு தோளாகக் கார்னருக்கு. ஒருவரை விருந்தாளியாக அழைப்பது நிர்வாகத்தின் வேலை. அவரை வீட்டுப் பிள்ளையாக்குவது அவருடைய உழைப்பும் மக்களின் அன்பும். அந்த உறவு முடியும் நாள் வரலாம், வரத்தான் செய்யும். அந்நாளில் வாசல்வரை சென்று வழியனுப்பத் தெரிந்த நிறுவனமே பெரிய நிறுவனம். கிரிக்கெட் கழகத்துக்கு மட்டுமா இது பொருந்தும்? பிறர் உழைப்பால் பெருமை பெறும் எந்த அமைப்புக்கும் பொருந்தும்.