பகையின் நிழலில் வளர்ந்த விழா



செபமாலை மாதமாகிய அக்டோபரில், 7, 8, 9 ஆகிய நாட்களில் ஜப்பானின் நாகசாகி நகரம் விழாக்கோலம் பூணுகின்றது. சுவா ஆலயத்தின் இலையுதிர்கால விழாவான 'குன்ச்சி'யே அது. தெய்வப் பல்லக்குகள் மூன்று, நெடிய கற்படிகளில் இறங்கி வருகின்றன. சீனரிடம் கற்ற நாக நடனம் சுழன்றாடுகின்றது. ஒல்லாந்தக் கப்பல் வடிவத் தேரும், நீரைப் பீறிட்டு எழுப்பும் திமிங்கிலத் தேரும் வீதியை அதிரச் செய்கின்றன. ஒவ்வொரு பேட்டையாருக்கும் ஏழாண்டுகளுக்கு ஒருமுறையே ஆடும் முறை வரும். ஆட்டம் முடிந்ததும் மக்கள், "மொத்தே கோய்!" என்று கூவி, மீண்டும் கொண்டுவரச் சொல்லி அழைப்பர்.

இவ்வழகிய விழாவின் வேர் நம்மைச் சிந்திக்க வைப்பது. 1580-இல் நாகசாகி இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் அங்கிருந்த பழைய ஆலயங்களைக் கிறிஸ்தவர்களே அழித்தனர். பின்னர் காற்று திசை மாறியது. 1597-இல் இருபத்தாறு பேர் அந்நகரின் குன்றில் சிலுவையில் அறையப்பட்டனர்; நம் நாட்டு வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியாவும் அவர்களுள் ஒருவர். 1614-இல் நம் மறை தடை செய்யப்பட்டது, கோவில்கள் இடிக்கப்பட்டன. 1625-இல் சுவா ஆலயம் மீண்டும் நிறுவப்பட்டது. 1634-இல் பெண்கள் இருவர் அதன் முன் ஆடியதே குன்ச்சியின் தொடக்கம். கிறிஸ்துவை மக்கள் மறக்கவேண்டும் என்று விரும்பிய அதிகாரிகள் அவ்விழாவை ஊக்குவித்தனர்.

மறந்தார்களா? இல்லை. குருக்களின்றி, கோவிலின்றி, தாய் தந்தையர் இரகசியமாய்ச் செபம் சொல்லிக் கொடுத்தனர்; பொதுநிலையினரே ஞானஸ்நானமும் அளித்தனர். 1865 மார்ச் 17-இல் உரகாமி ஊரார் சிலர் ஓவுரா கோவிலுக்கு வந்து, தங்கள் விசுவாசத்தைப் பெத்திழான் என்னும் பிரெஞ்சுக் குருவிடம் மெல்ல வெளியிட்டனர். 1873-இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன.

இன்று அந்நகரில் குன்ச்சியும் உண்டு, திருப்பலியும் உண்டு. முதலில் இடித்த கை நம்முடையது என்பதை மறைக்க வேண்டா. பிறர் கோவிலை இடித்ததனால் நம் விசுவாசம் வளரவில்லை. நம் கோவிலை இடித்ததனால் அது அழியவுமில்லை. அதைக் காத்தது வீட்டினுள் சொல்லப்பட்ட செபமே.

அண்டை வீட்டாரின் திருவிழா மேளம் கேட்கும்போது, முகம் சுளியாதிருப்போம். அன்று மாலை நம் வீட்டில் குடும்பச் செபம் நடந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்வோம்.