சத்தியவேடு நகர்ந்த கணக்கு

அன்பர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதத்தில் ஓர் ஐயத்தைக் கிளப்பியிருக்கிறார். அவருடைய பாட்டனாரின் நிலம் சத்தியவேட்டில் உள்ளது. பத்திரம் தமிழில், செங்கற்பட்டு ஜில்லா என்று எழுதப்பட்டது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் அவ்வூர் சென்னை இராஜ்யத்தை விட்டு ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி ஜில்லாவுக்குள் வந்தது. "நிலத்தின் நான்கு மூலைகளையும் அட்சரேகை, தீர்க்கரேகையாகக் குறித்துப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் போதுமா?" என்று வினவுகிறார்.

போதாது என்றே சொல்லவேண்டியிருக்கிறது. சர்க்கார் எல்லையை மாற்றாவிடினும் பூமி சும்மா இருப்பதில்லை. இந்தியாவைத் தாங்கும் பாறைத்தட்டு வடகிழக்கே நகர்ந்தவண்ணம் உள்ளது. பெங்களூரில் செயற்கைக்கோள் வழியாக ஓயாது அளந்துவரும் நிலையம் ஆண்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3.5, கிழக்கே 4.2 சென்டிமீட்டர் நகர்வதைக் காட்டுகிறது. சத்தியவேடும் அதே தட்டில், வெகுதொலைவிலன்றி இருப்பதால் இக்கணக்கே அதற்கும் பெரும்பாலும் பொருந்தும். பள்ளியில் கற்ற பிதகோரஸ் தேற்றப்படி இரண்டையும் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 5.5 சென்டிமீட்டர். 1960 முதல் 2025 வரை 65 ஆண்டுகளில் மூன்றரை மீட்டர்! லாம்ப்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே சங்கிலியிட்டு அளக்கத் தொடங்கிய நாள்முதல் கணக்கிட்டால் பன்னிரண்டு மீட்டர்.

ஆஸ்திரேலியாவில் வாழும் நம்மவர் இதை நேரிலேயே கண்டனர். அத்தட்டு ஆண்டுக்கு ஏழு சென்டிமீட்டர் செல்வதால், 1994-ஆம் ஆண்டு நிலைக்கு வகுத்த ஆயங்களை அந்நாடு 2020-ஆம் ஆண்டு நிலைக்கு 1.8 மீட்டர் தள்ளி வைத்தது.

ஆயினும் இப்பெருக்கலைக் கோடி ஆண்டுகளுக்கு நீட்டலாகாது. சத்தியவேட்டு மணற்பாறைகள் கிரிட்டேசியஸ் காலத்தவை. செடிகொடிகளின் கற்பதிவுகள் அவற்றில் உண்டு. அவை படிந்தபோது இந்தியா தென்கோளத்தில் இருந்தது. பின்னர் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைக்கு இருமடங்குக்கும் மிகுந்த விரைவில் ஓடி, ஆசியாவை மோதியபின் தளர்ந்தது. விரைவு ஒன்றுபோல் இல்லாதபோது வெறும் பெருக்கல் உதவாது.

அன்பரின் நிலத்துக்கு வருவோம். ஐம்பது ஆண்டு கழித்து அந்த எண்களைக்கொண்டு தேடும் பேரப்பிள்ளை ஒன்பது அடி தள்ளி நிற்பான். அடுத்த வயல்காரருடன் வழக்காட அதுவே போதும். கைப்பேசி காட்டும் எண்ணிலோ இன்றைக்கே சில மீட்டர் பிழை இருக்கக்கூடும். ஆகவே நுண்கருவியால் அளந்து, அளந்த நாளையும் உடன் எழுதுக. எல்லைக்கல்லிலிருந்து கிணற்றுக்கும் ஏரிக்கரைக்கும் எத்தனை அடி என்பதையும் குறித்துவைக்க. அவையெல்லாம் ஒன்றாகவே நகர்வதால் அந்த அடிக்கணக்கு மாறாது. சர்வே எண்ணைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிவைப்பது நலம்.