பிடி பருத்தால் பந்து விழுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கோல்ஃப் மைதானத்தில் கெடி வேலைக்குப் போகும் தம்பிமார் யாரையாவது தெரிந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, டவுனில் வழக்கமான கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஓ.எல். வரை கணிதம் படித்த ஒரு தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். லயத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறார். இவன் சில வருடங்களாக மற்றவர்களுக்குப் பை தூக்குகிறான். யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு, வேலை இல்லாத நேரங்களில் தானும் ஆடிப் பழகுகிறான். நன்றாக ஆடுவான் என்று மற்றப் பொடியன்களும் சொல்கிறார்கள்.

போனை நீட்டி ஒரு படம் காட்டினான். "சேர், இத வாங்கட்டா? நாலு அடியில இருக்கிற பந்தயே விட்டுர்றேன் சேர். இது போட்டா கை ஆடாதாம்."

படத்தில் இருந்தது பட்டர் மட்டைக்குப் போடும் பருத்த ரப்பர் பிடி. (சாப்பிடும் பட்டர் இல்லை. கிரீனில் பந்தை மெதுவாக உருட்டிக் குழியில் விழுத்தும் மட்டைக்குத்தான் அந்தப் பெயர்.) விலை வெளிநாட்டில் 30, 40 டொலர். நம் காசில் பத்தாயிரம் ரூபாய் அளவில் வரும். தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாயானது. அந்தக் கணக்கில் அவன் அம்மா ஒரு வாரத்துக்கு மேல் மலை ஏறி இறங்கினால்தான் அந்த ஒரு துண்டு ரப்பர்.

எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. மட்டையைக் கையில் எடுத்ததும் இல்லை. ஆனால் பிள்ளை கேட்டது கணக்கு, விஞ்ஞானம் சம்பந்தப்பட்ட கேள்வி. "பிறகு சொல்கிறேன்" என்று வீட்டுக்குப் போய்த் தேடி வாசித்தேன். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கிளப்பை நாம் எல்லோரும் பஸ்ஸில் இருந்து பார்த்தே வளர்ந்தவர்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் இருந்து இன்று வரை அங்கே பை சுமப்பது பெரும்பாலும் நம் பிள்ளைகள்தான். அதனால் இது பணக்காரர் பிரச்சினை, நமக்கு எதற்கு என்று தள்ளிவிட முடியாது. என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்ற நம் நாட்டுத் தமிழ்ப் பெயர்கள் இந்தியாவின் தொழில்முறைப் போட்டிகளில் வந்திருக்கின்றன. ஒரு லயத்துப் பிள்ளை அந்தக் கனவைக் காண்பதில் தப்பே இல்லை.

இனி பிடிக்கு வருவோம்.

பருத்த பிடி வெறும் ஏமாற்று வேலை இல்லை. மெல்லிய கம்பைப் பிடிக்கும்போது விரல்கள் நன்றாக மடங்கி இறுக்கும். விரல் இறுகினால் மணிக்கட்டு வேலை செய்யப் பார்க்கும். பந்தைத் தொடும் நேரத்தில் மணிக்கட்டு சிறிது புரண்டாலும் மட்டையின் முகம் திரும்பிவிடும். பந்து எந்தத் திசையில் புறப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் அந்த முகம்தான் தீர்மானிக்கிறது. பிடி பருத்தால் விரல் அவ்வளவு மடங்காது. உள்ளங்கையில் தங்கும். மணிக்கட்டு அடங்கி, தோளில் இருந்து ஆட்டம் வரும்.

விசையின் திருப்பம் என்று பத்தாம் வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? விசையை ஆரையால் பெருக்க வேண்டும். ஆரை கூடினால் குறைந்த விசையிலேயே அதே திருப்பத்தைத் தாங்கலாம். பிடி தடித்த ஸ்குரூ டிரைவரால் இறுகிய ஆணியைக் கழற்றுவது சுலபம் இல்லையா? அதேதான். மட்டை திரும்பாமல் வைத்திருக்க இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவை குறைகிறது.

இதை நாம் ஏற்கெனவே அறிவோம். முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் தடித்த பென்சில் கொடுக்கிறோம்? கவ்வாத்துக் கத்தியின் பிடியில் ஏன் சிலர் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்கிறார்கள்? கை வலி, மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்குப் பருத்த கைப்பிடி உண்மையிலேயே உதவி. கோல்ஃப் ஆடும் வயதானவர்களுக்கும் அப்படித்தான்.

இன்னும் ஒன்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். 2007 ஏப்ரல் 28, பார்படோஸ், உலகக் கிண்ண இறுதிப் போட்டி. 104 பந்தில் 149 அடித்து நம் நெஞ்சில் மண் போட்டாரே கில்கிறிஸ்ட், அன்று அவர் கையுறைக்குள் ஸ்குவாஷ் பந்து ஒன்றை வைத்திருந்தார். கீழ்க்கை துடுப்பைப் புரட்டாமல் இருக்க அது உதவியது. இங்கே சிலர் அநியாயம் என்றார்கள். எம்.சி.சி. விதிக்கு விரோதமில்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அதே ஸ்குவாஷ் பந்தை என் கையுறைக்குள் வைத்தால் நான் 149 அடிப்பேனா? அந்தப் பந்தோடு அவர் வலையில் எத்தனை நாள் பழகியிருப்பார்?

கோல்ஃபிலும் நிலைமை இதுதான். கொரியாவின் கே.ஜே. சோய் 2011இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பைப் பருத்த பிடியோடு வென்றார். அதற்குப் பிறகுதான் இந்தப் பிடிகள் பரவலாகப் பேசப்பட்டன. ஜோர்டன் ஸ்பீத் 2015இல் மாஸ்டர்ஸை வென்றபோதும் அவர் பட்டரில் அதே கம்பனியின் பிடிதான். சரி, பருத்ததே நல்லது என்று முடிவு கட்டலாமா? டைகர் வுட்ஸின் 15 மேஜர் வெற்றிகளைப் பாருங்கள். அவர் பெயர் எடுத்ததே மெல்லிய பழைய வகைப் பிடியோடுதான். வென்றவர் கையில் இருந்த பொருளைக் காட்டி விற்பது வியாபாரம். அதே பொருளை வைத்துத் தோற்றவர்களின் படத்தை எந்த விளம்பரமும் போடாது.

விதியும் இதைத் தடுக்கவில்லை. பிடியின் குறுக்களவு 44.45 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். 2016 ஜனவரியில் இருந்து தடை செய்யப்பட்டது வேறு விஷயம். மட்டையின் நுனியை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றி ஆடுவதைத்தான் நிறுத்தினார்கள்.

இனி கணக்கு. குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். அதாவது நடுவில் இருந்து ஓரத்துக்கு 54. நாலு அடித் தூரத்தில் இருந்து பார்த்தால் நடுவுக்கு இடப்புறமும் வலப்புறமும் சுமார் இரண்டரைப் பாகை வரை பிழை விடலாம், மெதுவாகப் போகும் பந்து விழும். பத்து அடியில் அது ஒரு பாகை. இருபது அடியில் அரைப் பாகை. ஆகவே நாலு அடியில் பந்தை விடுகிற ஒருவருக்குக் கை உண்மையிலேயே புரள்கிறது என்றால் பருத்த பிடி கை கொடுக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தவறுவதற்குக் கை மட்டும்தானா காரணம்? நம் ஊர் கிரீனில் காலையில் பனி, மத்தியானம் வெயில், பின்னேரம் மழை. ஒரே கிரீன் ஒரே நாளில் மூன்று விதமாக ஓடும். எவ்வளவு வேகத்தில் உருட்டுவது, சரிவு எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை ரப்பர் சொல்லித் தராது. பிடி பருத்தால் விரல் நுனியின் உணர்வு குறைந்து, முப்பது நாற்பது அடியில் இருந்து உருட்டும்போது வேகம் பிசகுகிறது என்று சொல்லும் ஆட்டக்காரர்களும் உண்டு. பாரமான பிடியைப் போட்டால் மட்டையின் தலை இலேசாகத் தெரியும். அதற்கும் கை புதிதாகப் பழக வேண்டும். ஓர் இடத்தில் கிடைப்பதை இன்னோர் இடத்தில் கொடுக்க வேண்டி வரலாம்.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் இலட்சக்கணக்கான அடிகளைக் கணக்குப் பார்த்து 2014இல் ஒரு புத்தகம் எழுதினார். உலகின் மிகச் சிறந்தவர்களே எட்டு அடியில் இருந்து பாதிக்குப் பாதிதான் விழுத்துகிறார்கள். முன்னணி ஆட்டக்காரர்களை மற்றவர்களிடம் இருந்து பிரிக்கும் வித்தியாசத்தில் பட்டரின் பங்கு சுமார் 15 வீதம்தான். மிச்சமெல்லாம் அதற்கு முந்திய அடிகள். எட்டு அடியில் தவறியதற்காகத் தன்னையே நொந்துகொள்ளும் நம் தம்பிக்கு இந்த ஒரு தகவலே பாதி ஆறுதல்.

ஆகவே நான் சொன்னது இதுதான்: "வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் தம்பி. முதலில் எண்ணிப் பார்."

எப்படி? பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, இருக்கிற பிடியின் மேல் சமமாகச் சுற்றிப் பருமனாக்கு. செலவு ஒன்றும் இல்லை. (இது பழகுவதற்கு மட்டும். போட்டிக்கு முன் கழற்றிவிட வேண்டும்.) நாலு அடியில் இருந்து பத்து பந்து சுற்றாமல், பத்து பந்து சுற்றி. மாறி மாறி ஐம்பது ஐம்பது. பிறகு முப்பது அடியில் இருந்தும் அப்படியே, குழிக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று பார். எல்லாவற்றையும் கொப்பியில் எழுது. தவறினால் இடமா, வலமா, குழிக்கு வராமலே நின்றதா என்றும் எழுது. ஒரு நாள் போதாது, மூன்று நாள் செய். ஐம்பதில் இரண்டு மூன்று வித்தியாசம் வந்தால் அது தற்செயல். எட்டு, பத்து என்று மூன்று நாளும் வந்தால் காசைச் சேர், நானும் கொஞ்சம் போடுகிறேன்.

கடை நானா பக்கத்தில் இருந்து கேட்டார்: "சேர், மனசுக்கு ஒரு தெம்பு வந்தா அதுவும் நல்லதுதானே?"

நியாயமான கேள்வி. நம்பிக்கை கையை நிதானமாக்கும், உண்மைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய தெம்பு முதல் பந்து தவறும் வரைதான். ஐம்பதில் நாற்பது விழுத்தினேன் என்று தன் கையாலேயே கொப்பியில் எழுதி வைத்தவனின் தெம்பு அப்படிப் போகாது. பத்தாயிரம் கொடுத்தும் பந்து விழாவிட்டால் அந்தப் பிள்ளை பிடியைக் குறை சொல்ல மாட்டான், "எனக்கு வராது" என்று தன்னைத்தான் குறை சொல்வான். எனக்குப் பயம் அதுதான். ஓ.எல். வகுப்பில் எத்தனை பேரை அப்படிப் பார்த்துவிட்டேன். விலை கூடிய டியூஷன், விலை கூடிய மொடல் பேப்பர் எல்லாம் வாங்கி, கடைசியில் "நமக்குக் கணக்கு ஏறாது சேர்" என்று போனவர்கள். எங்கே பிழை விடுகிறோம் என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்த்திருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள்.

நேற்று தம்பி கொப்பியைக் கொண்டுவந்தான். மூன்று நாள் கணக்கு. டியூப் சுற்றியும் சுற்றாமலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. ஆனால் தவறியவற்றில் பெரும்பாலானவை இடமும் இல்லை, வலமும் இல்லை. குழிக்கு வராமலே நின்றவை. கை ஆடவில்லை. பயந்து பயந்து மெதுவாக உருட்டியிருக்கிறான்.

"அப்ப வேகம்தானா சேர் பிழை?" என்று சிரித்தான். காசு பத்திரமாக இருக்கிறது. அம்மாவிடம் கொடுத்துவிட்டானாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கோல்ஃப் மட்டை, பந்து எதுவும் சும்மா கிடந்தால், பை தூக்கும் பிள்ளைகள் யாருக்காவது கொடுங்கள். மைதானத்தில் செல்வாக்குள்ளவர்கள் இதை வாசித்தால், வேலை முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகள் பழக வாரத்தில் ஒரு மணி நேரம் கூட்டிக் கேட்டுப் பாருங்கள். பருத்த பிடியை விட அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்குத் தேவை.

பிழை இருந்தால் ஆடத் தெரிந்தவர்கள் கமெண்டில் திருத்துங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வெள்ளி அதே கடையில் சந்திப்போம்.