ஒரே ஒரு மேட்ச் ஆடிட்டு காணாமப் போன டீம்

அமெரிக்கன் ஃபுட்பால்னா நம்ம கால்பந்து இல்லைங்கறது உங்களுக்கே தெரியும். முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுவாங்க, ஹெல்மெட் மாட்டின பத்து பேர் வந்து மேல விழுவாங்க. ரூல்ஸ் புரியலைன்னா கவலையே வேணாம், இந்தப் பதிவுக்கு அது தேவையில்லை. இது அந்த ஆட்டத்தோட பெரிய லீக்கான என்.எஃப்.எல். ஆரம்பிச்ச புதுசுல முளைச்சு, சீக்கிரமே பட்டுப்போன டீம்களைப் பத்தின பதிவு.

முதல்ல ஒரு பேரு: டோனவாண்டா கார்டெக்ஸ். நியூயார்க் மாநிலத்துல ஒரு சின்ன ஊர் டீம். 1921 நவம்பர் 6-ம் தேதி ராசெஸ்டர் ஜெஃபர்சன்ஸ் டீமோட மோதி 45-0ன்னு தோத்தாங்க. அவங்க லீக்ல ஆடின மொத்த மேட்ச்சும் அது ஒண்ணுதான். அதுக்கப்புறம் ஆளைக் காணோம். லீக் வரலாற்றுலயே குறைஞ்ச ஆயுள் இந்த டீமுக்குத்தான்.

கார்டெக்ஸ்ங்கறது அந்த ஊர்ல இருந்த கம்பெனி பேரு. ஆபீஸ் தகவல்களை அட்டை அட்டையா எழுதி அடுக்கி வெச்சு, வேணுங்கறப்ப டக்குனு எடுக்கற சிஸ்டம் செஞ்சு வித்தாங்க. அந்தக் காலத்து டேட்டாபேஸ்னு வெச்சுக்கங்களேன் :-) அந்தக் கம்பெனி பின்னாடி ரெமிங்டன் ராண்ட்ல ஐக்கியமாச்சு. அந்த ரெமிங்டன் ராண்ட்தான் 1951-ல யூனிவாக் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. கம்பெனி கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துடுச்சு, அதோட பேரை வெச்சுக்கிட்ட டீம் ஒரு மேட்ச்சைத் தாண்டலை.

இந்த மாதிரி டீம்களைப் பத்தி யார் எழுதினாலும் கடைசியில ஒரே தீர்ப்புதான்: "சின்ன ஊர், கூட்டம் வராது, காசு இல்லை, செத்துப்போச்சு." எனக்கு இதுல முழுசா உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன்.

1920 செப்டம்பர் 17. ஒஹையோ மாநிலம் கேன்டன்ல ரால்ஃப் ஹேங்கறவரோட கார் ஷோரூம்லதான் லீக் பொறந்தது. உள்ள நாற்காலி பத்தாம காரோட ஃபுட்போர்டுல உட்கார்ந்து பேசினோம்னு ஜார்ஜ் ஹாலாஸ் பின்னாடி சொல்லியிருக்கார். டீமுக்கு 100 டாலர் உறுப்பினர் கட்டணம்னு முடிவு பண்ணாங்க. அதை யாருமே கட்டலையாம்! முதல் வருஷம் ஆடினது 14 டீம். அதுல இன்னைக்கும் உயிரோட இருக்கறது ரெண்டே ரெண்டு. சிகாகோவுல இருந்த கார்டினல்ஸ் (இப்ப அரிசோனா), ஹாலாஸோட டிகேட்டர் ஸ்டேலிஸ் (இப்ப சிகாகோ பேர்ஸ்).

இந்த டீம்களோட பூர்வீகத்தைப் பாருங்க. டிகேட்டர் ஸ்டேலிஸ், ஸ்டார்ச் கம்பெனி டீம். கொலம்பஸ் பான்ஹேண்டில்ஸ்ல ஆடினவங்க நிறைய பேர் ரயில்வே ஒர்க்‌ஷாப் தொழிலாளிங்க. ரயில்ல ஓசியில போகலாம்ங்கறதால ஊர் ஊராப் போய் ஆடினாங்க. டேட்டன் ட்ரையாங்கிள்ஸ், மூணு ஃபேக்டரி சேர்ந்து நடத்தின டீம். இது எல்லாத்தையும் தூக்கி சாப்பிடற மாதிரி 1922-ல ஊராங் இண்டியன்ஸ்னு ஒண்ணு வந்தது. லாரூங்கற ஊர்ல, ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், வால்டர் லிங்கோங்கறவர் ஏர்டேல் நாய் வளர்த்து வித்துக்கிட்டிருந்தார். நாய்க்கு விளம்பரம் வேணும்னு ஒரு டீமே வாங்கினார். டீமுக்கு லீக் கட்டணம் 100 டாலர், அவர் வித்த நாய் ஒண்ணு 150 டாலர்!

வீரர்கள் எல்லாருமே அமெரிக்கப் பழங்குடியினர். தலைமை யாரு தெரியுமா? 1912 ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு தங்கம் வாங்கின ஜிம் தோர்ப். அப்பேர்ப்பட்ட மனுஷனை இடைவேளையில நாய்களோட வித்தை காட்ட வெச்சாங்க. ரெண்டு சீசன், 20 மேட்ச், 4 வெற்றி. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் குறைஞ்சதும் லிங்கோ கடையைக் கட்டிட்டார். அவருக்கு வேண்டியது விளம்பரம், அது கிடைச்சாச்சு.

இதுதான் நான் சொல்ல வர்ற பாயிண்ட். டீமோட உயிர் யாரோ ஒருத்தரோட சட்டைப் பையில இருந்தா, அந்தப் பை கிழியறப்போ, இல்ல அவர் மனசு மாறறப்போ, டீமும் போயிடும். ஊர் சின்னதா பெருசாங்கறது அதுக்கு அப்புறம்தான்.

கேன்டனையே எடுத்துக்கங்க. கேன்டன் புல்டாக்ஸ் 1922, 1923 ரெண்டு வருஷமும் சாம்பியன். நல்லா ஆடினா பிழைச்சுக்கலாம்னா இவங்கதான் முதல்ல பிழைச்சிருக்கணும். 1924-ல க்ளீவ்லேண்ட் டீம் ஓனர் இந்த டீமை வாங்கி, நல்ல ஆட்டக்காரங்களை எல்லாம் தன் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். அந்த வருஷ சாம்பியன் க்ளீவ்லேண்ட்! கேன்டன்ல திரும்ப ஆரம்பிச்ச டீம் 1926-ஓட முடிஞ்சது. இப்ப அந்த ஊர்ல இருக்கறது ஆட்டத்தோட மியூசியம். டீம் இல்லை.

பாட்ஸ்வில் மரூன்ஸ் கதை இன்னும் மோசம். பென்சில்வேனியாவுல நிலக்கரிச் சுரங்க ஊர். 1925-ல சிகாகோ கார்டினல்ஸை 21-7ன்னு அடிச்சாங்க. நாமதான் சாம்பியன்னு ஊரே கொண்டாடுச்சு. அப்புறம் டாக்டரான அவங்க ஓனர், பிலடெல்பியாவுல நோட்ர டேம் பழைய மாணவர்களோட ஒரு காட்சி ஆட்டத்துக்கு ஒத்துக்கிட்டார். அதுலயும் ஜெயிச்சாங்க, 9-7. ஆனா அந்த ஏரியா வேற டீமுக்குச் சொந்தம்னு லீக் தலைவர் ஜோ கார் இவங்களை சஸ்பெண்ட் பண்ணிட்டார். பட்டம் கடைசியில கார்டினல்ஸ் கணக்குல போய்ச் சேர்ந்துச்சு. அவங்க ஓனரே அப்போ அதை வாங்கிக்க மாட்டேன்னுட்டார்! 2003-ல இந்த வழக்கைத் திரும்ப எடுக்கலாமான்னு ஓட்டெடுப்பு நடந்தது. வேணாம்னு 30, வேணும்னு 2. மரூன்ஸ் ஆட்டக்காரங்க நிலக்கரியில செதுக்கிக் கொடுத்த கோப்பை மட்டும் கேன்டன் மியூசியத்துல இருக்கு.

அந்த மேட்ச்சை ஆடலாமா வேணாமான்னு சுரங்கத்துல வேலை பார்த்தவனை யாராவது கேட்டாங்களா? அவன் டிக்கெட் வாங்கினான், கத்தினான், அவ்வளவுதான்.

1926-ல லீக்ல 22 டீம். அடுத்த வருஷம் 12. 1932-ல வெறும் 8. பலவீனமான டீம்களைக் கழிச்சுட்டு பெரிய நகரங்களுக்குப் போகணும்கறது ஜோ காரோட திட்டம். அவர் பக்கமும் நியாயம் இருக்கு. டிக்கெட் காசை நம்பின காலம், டிவி கிடையாது. நியூயார்க்ல ஒரு மேட்ச்சுக்கு வர்ற கூட்டம் பாட்ஸ்வில்லோட மொத்த ஜனத்தொகையைவிட அதிகமா இருக்க முடியும். எல்லா டீமையும் காப்பாத்தியிருக்கணும்னு நான் சொல்ல வரலை.

ஆனா க்ரீன் பே-க்கு என்ன பதில்? 1920 கணக்கெடுப்புப்படி விஸ்கான்சின்ல இருக்கற க்ரீன் பேயில சுமார் 31,000 பேர். முதல் வருஷ சாம்பியனான ஏக்ரன் ஊர்ல 2 லட்சத்துக்கும் மேல. போனது ஏக்ரன், நின்னது க்ரீன் பே. பேக்கர்ஸும் 1919-ல ஒரு இறைச்சி டின் கம்பெனி சட்டை வாங்கிக் கொடுத்து ஆரம்பிச்ச டீம்தான். காசு முட்டினப்போ 1923-ல ஊர் ஜனங்ககிட்டயே 5 டாலர் வீதம் 1,000 ஷேர் வித்தாங்க. லாபப் பங்கு கிடையாது. சும்மா "இது எங்க டீம்"ங்கறதுக்கு ஒரு காகிதம். 1930-கள்ல கோர்ட் கேஸ்ல சிக்கி திவாலாகற நிலைமை வந்தப்போ, 1935-ல ஊர் திரும்பக் கைகொடுத்தது. 1950-ல மறுபடியும். 1961-க்கு அப்புறம் டிவி காசை எல்லா டீமும் சமமாப் பங்கு போட்டுக்கிட்டது பெரிய உதவிதான், மறுக்கலை. ஆனா அது வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாத்தானே அதை வாங்க முடியும்? இன்னைக்கு அந்த டீமுக்கு 5 லட்சத்துக்கும் மேல ஷேர்ஹோல்டர்கள்.

இதுல கொடுமை என்னன்னா, இந்த வழி இப்ப வேற எந்த ஊருக்கும் கிடையாது. ஒவ்வொரு டீமுக்கும் பெரிய பங்கு வெச்சிருக்கற ஒரு முக்கிய ஓனர் இருந்தே ஆகணும்னு லீக் விதி. பேக்கர்ஸுக்கு மட்டும் பழைய ஆளுங்கற சலுகை. 2024-ல ப்ரைவேட் ஈக்விட்டி நிறுவனங்கள் ஒரு டீம்ல 10 சதவீதம் வரைக்கும் வாங்கலாம்னு ஓனருங்க அனுமதி கொடுத்தாங்க. முதலீட்டு ஃபண்டுக்குக் கதவு திறக்குது, ஊருக்குத் திறக்கலை.

அதனால இனிமே யாராவது "சின்ன ஊர் டீம் தாக்குப்பிடிக்காது"ன்னு சொன்னா ஒரு கேள்வி கேளுங்க: அந்த டீம் ஊரோடதா இருந்துச்சா, இல்ல ஊர்ல இருந்துச்சா? ரெண்டும் ஒண்ணு இல்லை மக்களே. டோனவாண்டாக்காரங்களுக்கு அந்தக் கேள்வி கேட்கக்கூட ரெண்டாவது மேட்ச் கிடைக்கலை.