எந்த உரையோடு படிப்பது?

ஓய்வு பெற்ற பிறகு படிக்கலாம் என்று தள்ளி வைத்த புத்தகங்கள் எல்லோரிடமும் உண்டு. பலருடைய பட்டியலில் ஷேக்ஸ்பியரும் இருப்பார். கல்லூரியில் வெரிட்டியின் குறிப்புகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய எங்கள் தலைமுறை, இப்போது ரசிப்பதற்காக அவரிடம் திரும்புவது நல்ல காரியம். அப்படித் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாம்லெட்டிலோ லியரிலோ தொடங்க வேண்டாம். 'மச் அடோ அபௌட் நத்திங்' என்ற காதல் நகைச்சுவை நாடகத்தில் தொடங்குங்கள். பெரும்பகுதி உரைநடை, பேச்சு வேகமாகப் போகும், வாய்விட்டுச் சிரிக்க இடமுண்டு.

எந்தப் பதிப்பை வாங்குவது? "எல்லாம் ஒரே நாடகம்தானே, விலை குறைந்ததை வாங்கினால் போயிற்று" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நாடகத்தில் பதிப்பு மாறினால் கதையின் முடிவுக்கே வேறு அர்த்தம் வந்துவிடும்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிசிலித் தீவில் மெசினா நகரம். அதன் ஆளுநர் லியனாட்டோ. அவர் மகளின் பெயர் ஹீரோ. (ஆமாம், பெண்ணின் பெயர்தான் ஹீரோ.) அதே வீட்டில் வளரும் இன்னொரு பெண் பியாட்ரிஸ். லியனாட்டோவை 'அங்கிள்' என்பாள். அவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா என்று ஆங்கிலத்தில் எப்படித் தெரியும்? போர் முடிந்து வரும் வீரர்களில் ஒருவன் பெனடிக். அவனும் பியாட்ரிஸும் எதிர்ப்பட்டாலே வாய்ச்சண்டைதான். "அவள் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள்" என்று நண்பர்கள் அவன் காதில் விழும்படி பேச, "அவன் உனக்காக உருகுகிறான்" என்று தோழிகள் அவள் காதில் விழும்படி பேச, இருவரும் நிஜமாகவே காதலில் விழுகிறார்கள். இன்னொரு பக்கம், ஹீரோவை மணக்க வந்த கிளாடியோ யாரோ கட்டிவிட்ட பழியை நம்பி, திருமண மேடையிலேயே அவளை அவமானப்படுத்திவிடுகிறான்.

கடையிலோ, மின்னூலின் மாதிரிப் பக்கங்களிலோ ஒரு பதிப்பு கையில் கிடைத்தால் நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில் வரும் ஆரஞ்சுப் பழம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் கிளாடியோவை, ஆரஞ்சுப் பழத்தைப் போல 'சிவில்' ஆனவன் என்கிறாள் பியாட்ரிஸ். 'மரியாதையானவன்' என்று மட்டும் குறிப்பு எழுதும் பதிப்பை மூடி வைத்துவிடலாம். ஸ்பெயினின் செவில் நகரத்து ஆரஞ்சு கசப்பானது; 'செவில்', 'சிவில்' இரண்டும் காதில் ஏறக்குறைய ஒன்றாக விழும். பழத்தின் மஞ்சள் நிறமோ பொறாமையின் நிறமாகக் கருதப்பட்டது. கசப்பு, பொறாமை, வெளிப்பூச்சான மரியாதை மூன்றும் ஒரு பழத்துக்குள் இருக்கின்றன. இதை இரண்டு வரியில் சொல்பவர் நல்ல உரைகாரர். ஒரு பக்கம் எழுதுபவர் அறிஞராக இருக்கலாம். அவர் எழுதி முடிப்பதற்குள் நமக்குச் சிரிப்பு போய்விடும்.

நாடகத்தின் தலைப்புக்கும் இதே சோதனை பொருந்தும். 'நத்திங்' என்ற சொல்லும், கவனிப்பது என்று பொருள்படும் 'நோட்டிங்' என்ற சொல்லும் அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலித்தன. நாடகம் முழுக்க ஒளிந்திருந்து கேட்பதும், தூரத்தில் நின்று பார்ப்பதும், பாதி கேட்டு முழுதாக நம்புவதும்தான். 'நத்திங்' என்பதற்குக் கொச்சையான பொருள் ஒன்றும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கான பழைய பதிப்புகள் இதுபோன்றவற்றைச் சொல்லாமல் தாண்டிவிடும். பௌட்லர் குடும்பத்தார் 1807இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஷேக்ஸ்பியரின் வரிகளையே வெட்டி 'குடும்ப'ப் பதிப்பு போட்டார்கள். எழுபது வயதில் நமக்கு அந்தப் பாதுகாப்பு தேவையில்லை.

இரண்டாவது, நாடகத்தின் தொடக்கம். இந்த நாடகம் முதலில் 1600இல் 'குவார்ட்டோ' என்ற சிறு நூலாக அச்சானது. பிறகு 1623இல் 'ஃபோலியோ' பெருந்தொகுப்பில் வந்தது. இந்தப் பழைய அச்சுகளில், முதல் காட்சியில் மேடைக்கு வருபவர்களில் லியனாட்டோவின் மனைவி இன்னோஜனும் ஒருத்தி. ஆனால் நாடகம் முழுவதிலும் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மகளை ஊரார் முன்னால் இழிவுபடுத்தும்போது பெற்ற தாய் வாய் திறக்காமல் நிற்பாளா? ஷேக்ஸ்பியர் எழுதத் தொடங்கும்போது நினைத்திருந்த பாத்திரத்தைப் பிறகு கைவிட்டிருப்பார் என்று முடிவு செய்து பதிப்பாசிரியர்கள் அவளை நீக்கிவிட்டார்கள். நீக்கியது சரியாகவே இருக்கலாம். ஆனால் நீக்கினோம் என்று ஒரு வரி எழுத வேண்டாமா? நல்ல பதிப்பு எழுதுகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். கடைசிக் காட்சியில் பெனடிக்கும் பியாட்ரிஸும் காதலை ஒப்புக்கொள்ள வேண்டிய நேரத்திலும் வாய்ச்சண்டையை விடவில்லை. உன்மேல் இரக்கப்பட்டுத்தான் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று இவன் சொல்ல, உன் உயிரைக் காப்பாற்றத்தான் நானும் சம்மதிக்கிறேன் என்கிறாள் அவள். உடனே ஒரு குரல், "பேசாதே, உன் வாயை அடைக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி சொல்கிறது. இந்த வரியைப் பேசுவது யார்? பெனடிக் என்றே நம்மில் பெரும்பாலோர் நினைத்திருப்போம். அவன் அப்படிச் சொல்லி அவளை முத்தமிடுவதுதான் மேடையில் வழக்கம்.

ஆனால் 1600, 1623 இரண்டு அச்சிலும் அந்த வரி லியனாட்டோவின் பெயரில்தான் இருக்கிறது. முத்தத்தைப் பற்றிய குறிப்பும் அங்கே கிடையாது. அச்சில் பிழை நேர்ந்திருக்கும் என்று கருதி, 1733இல் வெளிவந்த தம் பதிப்பில் லூயிஸ் தியோபால்ட் அதைப் பெனடிக்குக்கு மாற்றிக் கொடுத்தார். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் அவரையே பின்பற்றினார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த வரிக்குப் பிறகு பியாட்ரிஸ் பேசுவதே இல்லை. நாடகம் முழுவதும் எவரும் அடக்க முடியாத பெண். ஹீரோவுக்கு நேர்ந்த அநியாயத்தைப் பொறுக்காமல், கிளாடியோவைக் கொன்றுவிடு என்று காதலனிடமே சொன்னவள். அவள் வாயை அடைப்பது காதலன் என்றால் அது முத்தம், விளையாட்டு. வளர்த்த பெரியவர் என்றால், "போதும் உங்கள் சண்டை" என்று இருவரையும் அவர் சேர்த்து வைப்பதாகவும் கொள்ளலாம். இத்தனை நாள் பேசிய பெண்ணைக் கல்யாணத்தன்று அடக்குவதாகவும் கொள்ளலாம். எதை எடுப்பது என்பது படிப்பவரின் உரிமை. அப்படி ஒரு கேள்வி இருப்பதையே மறைக்கும் பதிப்பு அந்த உரிமையைப் பறித்துவிடுகிறது.

நமக்கு இது புதிதல்ல. 'பாடபேதம்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மூலத்தில் இருந்தது இது, நான் கொண்டது இது என்று சொல்லும் பதிப்பாசிரியரையே நம்பலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகள் பல, 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளை ஒட்டியவை. அவற்றில் வரி பெனடிக்கின் பெயரில் இருக்கும்; ஏன் என்று சொல்ல ஆள் இருக்காது.

இனி, கண்ணுக்கும் கைக்கும் உரிய விஷயம். குறிப்புகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பென்குயின் பதிப்பில் வசனம் முன்னாலும் குறிப்புகள் பின்னாலும் இருக்கும். ஒரு விரலை அங்கே வைத்துக்கொண்டு புரட்டிப் புரட்டிப் படிப்பது நம் வயதில் சலிப்பு. ஃபோல்ஜர் பதிப்பில் வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் குறிப்பு. காட்சிதோறும் சிறு சுருக்கமும் உண்டு. பதிப்பாசிரியர் கைவைத்த சொற்களை அடைப்புக்குறியிட்டுக் காட்டியிருப்பார்கள். ஆர்டன் மூன்றாம் வரிசையில் கிளேர் மெக்இயாகர்ன் பதிப்பு (2005) பாடபேதங்களையும் விரிவான குறிப்புகளையும் பக்கத்தின் அடியிலேயே தருகிறது. முன்னுரையே ஒரு தனி நூல் மாதிரி. எழுத்துதான் கொஞ்சம் பொடி.

ஒரு பக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் இக்கால ஆங்கில 'மொழிபெயர்ப்பு'ம் தரும் புத்தகங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். காவலர் தலைவன் டாக்பெரி, 'கைது செய்' என்பதற்குப் பதிலாகப் 'புரிந்துகொள்' என்று பொருள்படும் சொல்லைப் போட்டு உளறுவான். அவன் சொல்ல வந்த சொல் எது என்று ஓரத்தில் சொன்னால் போதும். உளறலையே திருத்தி எழுதிவிட்டால் டாக்பெரி எங்கே? குவார்ட்டோவில் ஒரு காட்சியில் டாக்பெரியின் வசனங்களுக்கு முன்னால், அந்தப் பாத்திரத்தை நடித்த வில்லியம் கெம்ப்பின் பெயரே அச்சாகியிருக்கிறது. எழுதும்போதே அந்த நடிகரின் குரல் ஷேக்ஸ்பியரின் காதில் கேட்டிருக்கும் போல. இந்தச் செய்தியை நமக்குத் தருவதும் நல்ல குறிப்புகள்தான்.

என் யோசனை இதுதான். முதல் வாசிப்புக்கு ஃபோல்ஜர். ஒவ்வொரு காட்சியையும் முதலில் குறிப்பைப் பார்க்காமல் ஒருமுறை, பார்த்து ஒருமுறை படியுங்கள். பிறகு கென்னத் பிரானாவின் 1993ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பாருங்கள். நாடகம் பிடித்துவிட்டால் ஆர்டனை வாங்கி, கடைசிக் காட்சியின் அடிக்குறிப்பை நிதானமாகப் படியுங்கள். அந்த வரி யாருடையது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.